சோறு டூட்டி

இப்போதெல்லாம் யாரும் எதையும் அதனதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆம்பூர் பஜாரில் மூன்று பெஞ்சு போட்டவன் மிலிட்டரி ஓட்டல் என்று போர்டு மாட்டுகிறான். உள்ளே போனால் மிலிட்டரியும் இல்லை, ஓட்டலும் இல்லை. ஒரு அண்டா, ஒரு கரண்டி, மிச்சமெல்லாம் ஈ. செருப்புக் கடையில் போய்ச் செருப்பு கேட்டால் கடைக்காரன் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சாண்டலா, ஸ்லிப்பரா?" என்கிறான். எங்கள் கைபட்டு வந்த தோலில் தைத்ததற்கு எங்களுக்கே பெயர் தெரியவில்லையாம். இதையெல்லாம் தட்டிக் கேட்டால், "பேரு எப்டி இருந்தா உனுக்கு இன்னா பெருசு?" என்று சின்னப் பயல்கள் கேட்கிறார்கள். எனக்கு இன்னாவா? என் மகள் அமிர்தவள்ளியின் குடித்தனம் ஒரு பெயரால் கெடப் பார்த்தது.

நான் தோல் ஷாப்பில் வேலை செய்தே தேய்ந்தவன். தோல் ஷாப் என்றால் கடை இல்லை. பச்சைத் தோலை ஊறவைத்து, மயிர் கழித்து, மரப்பட்டை ஊறிய தண்ணீரில் போட்டுப் பதமாக்குகிற இடம். அதற்கு ஏன் ஷாப் என்று பெயர் வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள், அது எனக்கு முன்னாலேயே வந்துவிட்டது. அங்கே வேலை இரண்டு தினுசு. சுண்ணாம்புக் குழியில் தோலைப் புரட்டுவது தண்ணி வேலை. காய்ந்த தோலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்ப்பது, தரம் பிரிப்பது எல்லாம் காஞ்ச வேலை. தண்ணியிலேயே கிடந்தால் மாட்டுத் தோலோடு மனுஷன் தோலும் கழன்று வந்துவிடும். அதனால் முறை வைத்து ஆளை மாற்ற வேண்டும் என்று பேச்சு. பேச்சுதான். காஞ்ச வேலை மேஸ்திரியின் மச்சானுக்கு. தண்ணி வேலை மற்ற எல்லாருக்கும்.

அமிர்தவள்ளியை ஆலங்காயத்துக் கனகராஜுக்குக் கட்டிக்கொடுத்தேன். தாய் தகப்பன் இல்லாத பையன், கப்பல்படையில் இருந்தான். எங்கள் பக்கத்தில் பட்டாளத்தான் இல்லாத தெரு கிடையாது. பச்சை டிரங்குப் பெட்டி, முறுக்கு மீசை, ரம் பாட்டில், வாய் கொள்ளாத பொய், எல்லாம் எங்களுக்குப் பழக்கம். கப்பல்படை பழக்கமில்லை. பாலாற்றுக்கு இந்தப் பக்கம் யாரும் கப்பலைப் பார்த்ததில்லை. பாலாற்றில் தண்ணீரைப் பார்த்ததாகச் சொல்கிறவர்களையே நான் சந்தேகப்படுகிறவன். கனகராஜ் முதன்முதலாக வெள்ளைச் சட்டை, தொளதொளவென்று வெள்ளைக் கால்சட்டை, முதுகில் நீலத் துணி என்று தெருவில் வந்தபோது அடுத்த வீட்டுப் பூங்காவனம் அவனை நிறுத்தி வைத்துக் கேட்டாள்.

"நீ கலியாண பேண்டா, சாவு பேண்டாப்பா?"

"நான் நேவிங்க."

"அது எந்த ஊரு பேண்டு?"

கலியாணமான புதுசில் ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவன் தன் வேலையைப் பற்றி விளக்கினான். தோல் ஷாப் குமாஸ்தா இஷ்தியாக் அகமதுவும் அன்றைக்கு வீட்டுக்கு வந்திருந்தார்.

"எங்குளுக்கு ரெண்டு டூட்டி மாமா. ஸீ டூட்டி, ஷோர் டூட்டி. மொதல்ல கொஞ்ச வருசம் ஸீ டூட்டி. அப்புறம் ஷோர் டூட்டி. அந்த ஷோர் டூட்டி வந்துட்டா குவாட்டர்ஸ் குடுப்பாங்க. அமிர்தத்தக் கூட்டிக்கினு போய் வெச்சிக்கலாம்."

என் வீட்டுக்காரி சவுரியம்மாள் சட்டியைக் கீழே வைத்தாள். "சோறு டூட்டியா? அதுவரைக்கும் சோறு போட மாட்டாங்களா? அத்தொட்டுதான் புள்ள இப்டி எளச்சி கெடக்குது" என்று இன்னும் இரண்டு கரண்டி போட்டாள்.

இஷ்தியாக் அகமது தாடியைத் தடவினார். "எங்க பாஷையில சோர்னா திருடன். திருடன் டூட்டியா, திருடனப் பிடிக்கற டூட்டியா, தம்பி?"

"ஷோருன்னா கரைங்க, பாய். கரை மேல இருந்துக்கினு பாக்கற வேலை."

எனக்கு விளங்கிவிட்டது. தண்ணி வேலை, காஞ்ச வேலை. உலகம் முழுக்க இதே கதைதான் என்று நினைத்துக்கொண்டு கேட்டேன்.

"உங்க மேஸ்திரி யாரு மாப்ள?"

"மேஸ்திரியெல்லாம் கெடையாது மாமா. ஆபீசு இருக்குது. வரிசைப்படி முறை வரும்."

"எங்க ஷாப்லயும் முறைன்னுதான் சொல்றானுங்க."

"முறை வந்தாலும் உடனே ஓடக் கூடாது. கடல்ல இருந்தாத்தான் கைப்பட்டை ஏறும், மேல வரலாம். கரையிலியே ஒட்டிக்கினு கெடக்கறவனுக்கு எங்க தமிழ்ப் பசங்க கரையான்னு பேரு வெச்சிருக்கறானுங்க."

உள்ளே அடுப்பண்டை இருந்து அமிர்தவள்ளி கேட்டாள். "கடல்லியே ஒட்டிக்கினு கெடக்கறவங்களுக்கு இன்னா பேருங்க?"

அவன் மாமியார் போட்ட சோற்றைத் தின்று முடித்தான்.

அதற்கப்புறம் வருஷங்கள் போயின. லீவுக்கு வருவான், போவான். கையில் ஒரு பட்டை ஏறியது. அமிர்தவள்ளி எங்கள் வீட்டிலேயே பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவனுடைய அண்ணி வீட்டுக்குப் போகலாம் என்றால் அந்த அம்மாளுக்கு வாய் நீளம். குழாயடிக்குப் போனால் பூங்காவனம் விடமாட்டாள். "ஏண்டி அமிர்தம், உன் புருசன் கட்டிக்கினது உன்னியா, கப்பலையா? கப்பலுக்குத் தாலி இருக்குதான்னு அடுத்த தபா கேட்டுப் பாரு." அமிர்தவள்ளி சண்டை போடுகிறவள் இல்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். வந்து, பீடி இலையைத் துண்டு துண்டாக நறுக்குவாள். நறுக்குகிற சத்தத்தில் தெரியும்.

கடைசியாக வந்தபோது அவன் வாக்குக் கொடுத்துவிட்டுப் போனான். "அடுத்த மாத்தல்ல ஷோர் டூட்டிதான். இன்னொரு பட்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ சாமானெல்லாம் சேத்து வையி." அவள் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வு வாங்கி, துணி சுற்றிப் பரணில் வைத்தாள். சவுரியம்மாள் கோயிலில் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றி, மாப்பிள்ளைக்குச் சோறு டூட்டி கிடைக்க வேண்டும் என்றே வேண்டிக்கொண்டாள். மாதாவுக்குப் புரிந்திருக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை.

ஒரு நாள் அவனிடமிருந்து கார்டு வந்தது. தோஸ்து பக்தவச்சலம் லீவில் வாலாஜாபேட்டைக்குப் போகிறான், கொச்சி வண்டியில் வருவான், ஸ்டேஷனில் போய்ப் பாருங்கள், சேதி சொல்லுவான் என்று. போனோம். வண்டி நிற்பதும் தெரியாது, கிளம்புவதும் தெரியாது, அந்த வண்டி. பக்தவச்சலம் ஜன்னல் வழியாக நேந்திரங்காய் வறுவல் பொட்டலத்தை நீட்டினான்.

"கனகராஜ் குடுக்கச் சொன்னான். சந்தோச சேதி மாமா. அவனுக்கு மயூரா கெடச்சிருக்குது."

"மயூராவா? அது இன்னா?"

"ஐ.என்.எஸ். மயூரா. ஷிப்பு, மாமா. ரொம்ப நல்ல ஷிப்பு. அடுத்த மாசம் ஏறணும். ரெண்டு வருசம் அங்கதான்."

"திரும்பவும் கப்பலா?" என்று அமிர்தவள்ளி கேட்டாள்.

வண்டி ஊதியது. அவன் ஏதோ கத்தினான். கையை ஆட்டிச் சிரித்தான். எஞ்சின் விட்ட ஆவியில் ஒன்றும் கேட்கவில்லை. அமிர்தவள்ளி பொட்டலத்தைப் பிரிக்காமலே வீடு வரைக்கும் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்தாள். அன்றைக்கு அவள் பீடி சுற்றவில்லை.

எனக்குக் கொதித்தது. முறை வந்தவனை மறுபடி தண்ணியில் தள்ளிவிட்டு, காஞ்ச வேலையை எவனோ மச்சானுக்குக் கொடுத்திருக்கிறான். எனக்குத் தெரியாத சங்கதியா இது? கோடித் தெருவில் அவில்தார் நந்தகோபால் இருந்தார். பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்தவர். எந்த நாட்டு ராணுவத்தைப் பற்றிக் கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். அவரிடம் போனேன்.

"மயூராவா? தெரியும். பெரிய சண்டைக் கப்பலு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். "ஏறினா எறங்க வுட மாட்டான். மனு போடணும் ரத்தினசாமி. பாவம் பாத்து எறக்கறதுக்குன்னு தனியா ரூல் இருக்குது. குடும்பக் கஷ்டத்த எழுதணும். கஷ்டம் ஜாஸ்தியா இருக்கணும். கம்மியா இருந்தா கிழிச்சிப் போட்டுடுவான்."

இஷ்தியாக் அகமதுவை வீட்டுக்கு அழைத்துவந்து இங்கிலீஷில் எழுதச் சொன்னோம். அவில்தார் நடந்துகொண்டே சொன்னார். மருமகனை மயூரா கப்பலில் ஏற்றக் கூடாது. ஏற்றினால் குடும்பம் நாசமாகும். கப்பலில் அவனுக்கு வாந்தி நிற்பதில்லை. அவனைப் பெற்ற தாயார் சாகக் கிடக்கிறார்.

சவுரியம்மாள் குறுக்கே வந்தாள். "அந்தம்மா செத்து எத்தினி வருசம் ஆவுது."

"மனுவுல இருக்கட்டும்மா, பாவம்" என்றார் அவில்தார். "நான் பட்டாளத்துல எங்கப்பாவ எத்தினியோ தபா சாவடிச்சி லீவு வாங்கியிருக்கறேன். கடசியில அவரு நெசமா செத்தப்போ ஒருத்தனும் நம்பல. அதான் பேஜாரா பூட்டுது."

அமிர்தவள்ளி கதவோரம் நின்றிருந்தாள். "அவர ஒரு வார்த்த கேட்டுட்டு எழுதலாமே நைனா."

"கேட்டா வேணாம்பான். பட்டை ஆசை வுடாது. நீ சும்மா இரு."

கையெழுத்துப் போட்டேன். எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயர் மட்டும்தான், அதை நன்றாகவே எழுதுவேன். மனு போனது. பதில் வரவில்லை. மனு போட்ட யாருக்குத்தான் பதில் வருகிறது என்று அவில்தார் ஆறுதல் சொன்னார்.

பதிலுக்குக் கனகராஜே வந்தான். மத்தியானம், நான் குழியண்டை நின்று தோலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பெட்டி படுக்கை இல்லாமல் ஒரு பையோடு வந்து நின்றான். ஷாப்பு நாற்றத்துக்கு மூக்கைப் பிடிக்காத ஒரே மாப்பிள்ளை அவன். அன்றைக்கு மூக்கு விடைத்திருந்தது.

"மாமா, மயூரா வேணாம்னு மனு போட்டது நீங்களா?"

"நாந்தான். எறக்கிட்டானுங்களா?"

"எறக்கிட்டானுங்க. ஏறறதுக்கு முன்னாடியே எறக்கிட்டானுங்க. மயூராவுக்கு வேற ஆளப் போடப் போறாங்க. நான் இன்னும் ரெண்டு வருசம் கப்பல்லியே கெடக்கணும்."

"கப்பல் வேணாம்னுதானே எழுதனோம்?"

"மயூரா கப்பல் இல்ல மாமா."

"பக்தவச்சலம் ஷிப்புன்னானே."

"ஷிப்புதான்."

"ஷிப்புன்னா இன்னா?"

"கப்பலு."

"அப்போ கப்பல்தானே?"

"பேரு கப்பலு. ஆனா கட்டடம். மெட்ராஸ்ல தரை மேல இருக்குது. நேவியில கரையில இருக்கற எடத்துக்கும் கப்பல் மாதிரியே பேரு வெச்சி, கப்பல்னுதான் சொல்லுவாங்க. அதான் மாமா ஷோர் டூட்டி. குவாட்டர்ஸோட."

நான் கோலைக் கீழே வைத்தேன். "கட்டடத்தக் கப்பல்னு சொன்னவன வுட்டுட்டு, கப்பல்னு நம்பனவன வந்து கேக்கறியே மாப்ள."

அவன் குழியைப் பார்த்தான். பிறகு விஷயத்தைச் சொன்னான். மயூராவின் அதிகாரி நல்ல மனுஷராம். மனு போட்டவரே நேரில் வந்து வாபஸ் வாங்கினால் கனகராஜையே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமைக்குள் வர வேண்டும். அதற்குப் பிறகு அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். சனிக்கிழமை என்றால் மறுநாள்.

வீட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. அமிர்தவள்ளி பரணில் ஏறி ஸ்டவ்வை இறக்கினாள். புடவைகளை மூட்டை கட்டினாள்.

"எதுக்கு இதெல்லாம்?" என்றேன். "கையெழுத்துப் போடத்தானே போறம்."

"கையெழுத்து ஆயிட்டா, திரும்பி வந்து எடுத்துக்கினு போவணுமா நைனா?"

"ஆவலன்னா?"

அவள் முடிச்சை இறுக்கினாள். "ஆவலன்னா தூக்கிக்கினு வரேன்."

காலை வண்டியில் மெட்ராஸ் போனோம். மெட்ராஸ் எனக்குப் புதிதில்லை. பெரியமேட்டு மண்டிக்குத் தோல் கட்டோடு லாரியில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன். அதனால் ஹார்பர் பக்கம் போய் இறங்கினதும், நானே முன்னால் நடந்து கப்பலைத் தேடினேன். கனகராஜ் என் தோளைப் பிடித்துத் திருப்பினான். எதிரே ஓடு போட்ட நீளக் கட்டடம், சுற்றிலும் சுவர், உள்ளே வேப்ப மரம். கேட்டில் வெள்ளை உடுப்பில் காவல்காரன் ஒருவன். முற்றத்தில் ஒரு கப்பல் கம்பத்தை மண்ணில் நட்டுக் கயிறெல்லாம் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் கோயில் மணி மாதிரி ஒரு மணி. கடல் எங்கே என்று கேட்டேன். ரயில் லைனுக்கு அந்தப் பக்கம் என்றான்.

கம்பத்தைச் சுற்றிச் சின்னக் கல் பரப்பிச் சங்கிலி போட்டிருந்தது. நான் குறுக்கே நடந்தேன். காவல்காரன் ஓடிவந்தான்.

"பெரியவரே, டெக்கு மேல நடக்காதீங்க."

"எது மேல?"

"டெக்கு. கப்பலோட மேல்தளம். ஏறறவங்க சல்யூட் அடிச்சிட்டுத்தான் ஏறணும்."

குனிந்து ஒரு பிடி அள்ளிக் காட்டினேன். "இது ஜல்லியா?"

"ஜல்லிதான்."

"அடியில?"

"மண்ணு."

"அப்புறம் எங்கய்யா டெக்கு?"

அவன் கனகராஜைப் பார்த்தான். கனகராஜ் வேப்ப மரத்தைப் பார்த்தான். அமிர்தவள்ளி தலையில் மூட்டையோடு சங்கிலியைச் சுற்றிக்கொண்டு பத்திரமாக அந்தப் பக்கம் போய் நின்றாள்.

அதிகாரி வடக்கத்திக்காரர், கண்ணாடி போட்டவர். இங்கிலீஷில் பேசினார், கனகராஜ் தமிழில் சொன்னான். என்னை உட்காரச் சொன்னார். கடல் பிரயாணம் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை, அதுவரைக்கும் சந்தோஷம். என் மனுவை எடுத்துப் படித்துவிட்டு முகத்தை இரக்கமாக வைத்துக்கொண்டு ஏதோ கேட்டார். கனகராஜ் நின்றபடியே பதில் சொன்னான். அதிகாரி தலையாட்டினார்.

"இன்னாவாம்?" என்றேன்.

"எங்கம்மாவுக்கு ஒடம்பு எப்டி இருக்குதுன்னு கேக்கறாரு."

"இன்னா சொன்னே?"

"இனிமே கஷ்டப்பட மாட்டாங்கன்னு சொன்னேன்."

டைப் அடித்த காகிதம் ஒன்று மேஜையில் இருந்தது. அதிகாரி பேனாவை என் பக்கம் தள்ளினார். எதிலும் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் கனகராஜைப் படிக்கச் சொன்னேன். அவன் தமிழில் சொன்னான். என் மருமகன் மயூரா என்ற கப்பலில் வேலை செய்ய எனக்கு முழுச் சம்மதம்.

"கட்டடம்னு போடச் சொல்லு."

"மாமா."

"கட்டடம்தானே? மயூரா என்ற கட்டடத்துலன்னு போடச் சொல்லு. கையெழுத்துப் போடறேன்."

கனகராஜ் தயங்கித் தயங்கிச் சொன்னான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். நிதானமாகத்தான் பேசினார்.

"நேவியில கட்டடத்துக்கு ஆளு போட ரூல் இல்லியாம், மாமா. கப்பலுக்குத்தான் போட முடியுமாம். கட்டடம்னு எழுதனா எனக்கு இங்க எடமே இல்லன்னு ஆயிடுமாம். அவரே கட்டடத்துல இருக்கறாருன்னா அவருக்கே எடம் இல்லியாம்."

இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் இப்போதிருக்கும் ஷாப்புக்கு முன்னால் வேறொரு ஷாப்பில் இருந்தேன். அங்கே ஒரு நாள் சுண்ணாம்புக் குழிக்கு செக்ஷன் என்று பெயர் வைத்தார்கள். பேர் மட்டும்தான் மாறுது, கையெழுத்துப் போடுங்கள் என்றார்கள். போட்டோம். அப்புறம் காஞ்ச வேலைக்கு முறை கேட்டபோது, நீங்கள்தானே செக்ஷன் ஆள் என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டீர்கள், செக்ஷன் மாற முடியாது என்றார்கள். என்னோடு குழியில் இறங்கிய காசி கால் புண்ணோடு அதே செக்ஷனில்தான் செத்தான். கால் எரியுது மேஸ்திரி என்றுதான் அவன் சொன்னான். செக்ஷன் எரியுது என்று சொல்லவில்லை.

"இவுரு கிட்ட சொல்லு மாப்ள. நான் இன்னிக்கு இதக் கப்பல்னு ஒத்துக்கறேன். நாளைக்கி உன்ன நெசக் கப்பல்ல ஏத்தி எங்கனா கொண்டுபோயி வுட்டுட்டு, கப்பல்னு சம்மதிச்சித்தானே உன் மாமன் கையெழுத்துப் போட்டான்னு காட்டுவாங்க. அப்போ நான் எவன்கிட்ட போயி ஜல்லிய அள்ளிக் காட்டறது?"

கனகராஜ் அதை இங்கிலீஷில் சொல்லவில்லை. "மாமா, மயூரா எங்கியும் போவாது. நங்கூரத்த எடுத்தாலும் போவாது."

"நங்கூரம் வேற இருக்குதா?"

"வாசல்ல அழகுக்கு வெச்சிருக்குது."

"ஏமாத்தறதுக்கு வெச்சிருக்குது."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மேஜையிலிருந்த வேறொரு காகிதத்தை முன்னால் இழுத்தார். அந்த இடத்துக்கு வரப் போகிறவனுடைய காகிதம் அது என்று கனகராஜ் மெதுவாகச் சொன்னான். அவன் குரலில் கோபம் இல்லை. கப்பல்படையில் கோபப்படக் கற்றுக்கொடுப்பதில்லை போலிருக்கிறது. நான் பேனாவைத் தொடவில்லை.

அமிர்தவள்ளி அதுவரைக்கும் ஜன்னலண்டை நின்று பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே சின்னச் சின்ன வீடுகள் வரிசையாக இருந்தன. ஒரு வீட்டு வாசலில் எவளோ ஒருத்தி புருஷனுடைய வெள்ளைக் கால்சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் அவள் முறுக்க, மறுபக்கம் அந்தப் புருஷன் பிடித்துக்கொண்டிருந்தான். இவள் அதைப் பார்த்து முடித்துவிட்டு மேஜைக்கு வந்தாள்.

"எங்க நைனா போட மாட்டாரு, சார். நான் போடறேன். நாந்தான் பொண்டாட்டி."

கனகராஜ் சொல்வதற்கு முன்னாலேயே அதிகாரிக்குப் புரிந்தது. அவர் அவளைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"இது கப்பல்தான்னு நீ ஒத்துக்கறியான்னு கேக்கறாரு" என்றான் கனகராஜ்.

"கப்பல்தாங்க."

"அமிர்தம்" என்றேன். "தரை மேல நின்னுக்கினு பேசறே."

"ஆமா நைனா. தரை மேல நிக்கற கப்பலு. எனுக்கு அந்தக் கப்பல்தான் வேணும்."

"நாளைக்கி இவுங்க பேச்ச மாத்தனா?"

"மாத்தனா அன்னிக்கிப் பாத்துக்கறேன். இன்னிக்கி நீ மாத்திடாத."

பொண்டாட்டி கையெழுத்தே போதும் என்று அதிகாரி காகிதத்தில் மருமகன் என்றிருந்ததை அடித்துக் கணவன் என்று திருத்தினார். அவள் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். முழுப் பெயரையும் தமிழில் எழுதினாள். அதிகாரி அந்தக் காகிதத்தில் தேதி போட்டார், இன்னொரு காகிதத்தைக் கிழித்தார். வெளியே வந்து அமிர்தவள்ளி கனகராஜைப் பார்த்து, "ஸ்டவ்வுக்கு மண்ணெண்ணெ எங்க கெடைக்கும்?" என்றாள். அவன் சிரித்ததைக் கலியாணத்துக்கப்புறம் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"சாப்ட்டுட்டுப் போ நைனா. மொதல் மொதல்ல ஆக்கறேன்."

"வேணாம். நாளக்கழிச்சி ஷாப்பு இருக்குது."

"நாளக்கழிச்சிதானே? இன்னிக்கி இன்னா அவசரம்?"

"வண்டி இருக்குது."

அவள் என் கையிலிருந்த பையை வாங்கி, சவுரியம்மாள் மூட்டையில் வைத்துவிட்டிருந்த, இன்னும் பிரிக்காத அந்த வறுவல் பொட்டலத்தை எடுத்துத் திணித்துக் கொடுத்தாள். மூட்டையைக் கனகராஜ் எடுத்துக்கொள்ள, ஸ்டவ்வை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் அந்த வீடுகள் பக்கம் போனார்கள். கம்பத்தைத் தாண்டும்போது அவன் விறைத்து நின்று சல்யூட் அடித்தான். அவளும் ஒரு கணம் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல் சிலுவை போட்டுக்கொண்டாள்.

நான் கேட்டுக்கு வந்தேன். உள்ளே நாலைந்து வெள்ளைக்கால்சட்டைக்காரர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"பெரியவரே, கரைக்கா?" என்றான் காவல்காரன்.

"ஊருக்கு."

"எங்க ஆளுங்கள்லாம் போட்டுக்குக் காத்துக்கினு இருக்கறாங்க. மணி அடிச்சாத்தான் போட்டு."

"போட்டுன்னா படகா? எங்க இருக்குது?"

"படகு இல்லீங்க. மணி அடிச்சதும் கேட்டத் தொறப்போம், வரிசையா வெளிய போவாங்க. அதுக்குப் பேரு போட்டு. நீங்க விசிட்டரு, இப்பவே போலாம்."

அந்த ஆள்களைப் பார்த்தேன். படித்த பையன்கள் மாதிரிதான் இருந்தார்கள். ஒருத்தனுக்கும் வெட்கம் இல்லை. திறந்திருந்த சின்னக் கதவுக்கு வெளியே ஒரு கைவண்டிக்காரன் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"தண்ணியில காலு நனையாம போங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சிரித்தான்.

கப்பலாவது மண்ணாவது என்று சொல்லிக்கொண்டே வெளியே காலை வைத்து, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் நடந்தேன்.